ஒரு கரண்டிக் கொசுறு

மகளே,

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சாட்சியாக வைத்து, அதன் காலடியில் புகைவிட்டுக்கொண்டு போகும் டவுன் பஸ்கள் அத்தனையையும் துணைச் சாட்சிகளாக நிறுத்தி, உன் சித்தப்பாவாகிய நான் ஒரு சத்தியம் செய்கிறேன். இந்தக் கடிதத்தில் வரும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். அதில் யார்மேலும் குற்றமில்லை. பூ மார்க்கெட்டில் நான் போட்ட ஒரே தும்மலில் நான்கு மூட்டைச் செவ்வந்தி பறந்துபோய் ரெட்டியார்சத்திரத்தில் விழுந்தது என்றும், ஆடிக் காற்றைக் காதைப் பிடித்துப் பழனிப் பக்கம் திருப்பிவிட்டவன் நான்தான் என்றும், ஜங்ஷனில் நின்று முறைத்தே மதுரை வண்டியைப் பின்னால் போகவைத்தேன் என்றும் முப்பது வருடமாக நானே என்னைப்பற்றிப் பரப்பிவந்திருக்கிறேன். அப்படிப்பட்ட வாய் திடீரென்று உண்மை பேசப்போகிறது என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆனாலும் நீ நம்பியாக வேண்டும். திங்கட்கிழமை காலை நீ திருப்பூர் பஸ் ஏறுகிறாய். பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை, விடுதியில் தங்கல். போகிற பெண் துணிமணியை அடுக்கிவிட்டு, பரண்மேல் இருக்கும் சின்னத் தராசையும் சோப்பு அச்சுகளையும் காட்டி, "அதையெல்லாம் பழைய சாமான்காரருக்குப் போட்டுடுங்க சித்தி, எனக்கு அது வராது" என்று சொன்னதை அடுப்படி வாசலில் நின்று நான் கேட்டேன். எதிர்வீட்டுக் குழந்தையின் உடம்பு வெந்தது உன் கணக்குத் தப்பால் என்று எட்டு மாதமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் கணக்கில் தப்பு இல்லை. தப்பு செய்தது வேறொருவர். அவர் யார் என்பதை ஒரே மூச்சில் எழுத என் பேனாவுக்குத் தைரியம் போதவில்லை. செத்த நேரம் கொடு. வழியில் கொஞ்சம் புளுகிக்கொண்டே வருவேன், பொறுத்துக்கொள். இதை மூடிய கடிதமாக எழுதாமல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. தெருவே கேட்க நீ பழி சுமந்தாய். அந்தப் பழி இறங்குவதையும் தெருவே படிக்கட்டும்.

என் தொழிலை உனக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூ மார்க்கெட்டில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து மல்லிகையும் சம்பங்கியும் நிறுத்துப் போடுகிறவன் நான். எங்கள் கடையில் எடை நின்றதும் வியாபாரம் முடிந்துவிடாது. நின்றபிறகு ஒரு கை அள்ளி மேலே போடவேண்டும். அதுதான் கொசுறு. அதைப் போடாமல் பொட்டலம் கட்டினால் வாங்குகிறவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். என் கொசுறு உலகப் பிரசித்தி பெற்றது. கால் கிலோ மல்லிகை வாங்கிய ஒரு பெண்மணி நான் போட்ட கொசுறை வீட்டுக்குக் கொண்டுபோக லாரி பிடித்தார், அந்த லாரியும் பாரம் தாங்காமல் பழனி ரோட்டில் அச்சு முறிந்து நின்றது. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிப்பாய். பத்து வயதுக்கு மேல் சிரிப்பதை நிறுத்திவிட்டாய். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் சம்பங்கி போடும் என் அண்ணனுக்கு மூன்று பெண்கள். எனக்கும் உன் சித்திக்கும் ஒன்றும் இல்லை. மூன்றாவதாகப் பிறந்த உன்னை, பால்குடி மறந்த கையோடு, அண்ணனும் அண்ணியும் எங்கள் கையில் கொடுத்தார்கள். அந்த நாளில் நான் எப்படி நடந்து வீட்டுக்கு வந்தேன் என்று எனக்கே நினைவில்லை. தரை காலில் பட்டிருக்காது. இதை உன்னிடம் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "ரெண்டு பொண்ணை நிறுத்து வச்சுக்கிட்டு இதை எங்கண்ணன் எனக்குக் கொசுறாப் போட்டுட்டான்" என்று சொல்லிச் சிரித்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் நீ பள்ளிக்கூடப் பையைக் கீழே வைக்காமலே கேட்டாய். "கொசுறுன்னா காசு குடுக்காம வாங்குறதுதானே சித்தப்பா?" நான் அதற்கும் ஏதோ ஒரு நகைச்சுவை சொன்னேன். என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. நீ பையோடு அப்படியே திரும்பி மாடிக்குப் போனது மறக்கவில்லை.

வேதியியல் படித்து முடித்து, ஒரு வருடம் வேலை தேடி, கிடைக்காமல் வீட்டில் இருந்தபோதுதான் உனக்குச் சோப்பு ஆசை வந்தது. ஆசைக்குக் காரணம் உன் சித்தியின் கை. பாத்திரச் சோப்பும் சலவைத் தூளும் பட்டுப்பட்டு அவள் உள்ளங்கை வெடித்துப் போயிருந்தது. செல்போனில் ஒரு மாதம் விடாமல் காணொளி பார்த்தாய். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதினாய். எந்த எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை கிராம் காஸ்டிக் சோடா, அதாவது காரம், வேண்டும் என்று உன் கல்லூரி மூளையால் போட்டுப் போட்டுப் பார்த்தாய். மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மேசை, ரப்பர் கையுறை, ஆய்வுக்கூடக் கண்ணாடி, கிராம் காட்டும் சின்னத் தராசு. நான் பெரிய மனதோடு என் பங்காகக் கடைக்கு டீ வாங்கிவரும் அலுமினியத் தூக்கைக் கொண்டுவந்து நீட்டினேன். "அலுமினியம் ஆகாது சித்தப்பா, காஸ்டிக் அதைத் தின்னுரும்" என்றாய். நான் நம்பவில்லை. நீ சோதனைக்குக் கரைத்துப் பார்த்துவிட்டு, கழுவி ஊற்ற வைத்திருந்த மிச்சக் கரைசலில் கொஞ்சத்தை உனக்குத் தெரியாமல் அதில் விட்டேன். தூக்கு கொதித்துப் பொங்கி நெடியடித்தது. உள்பக்கம் கரிப்பிடித்தாற்போல் கறுத்துப் போனது. மறுநாள் மார்க்கெட்டில், அந்தத் தூக்கு உறுமிக்கொண்டு மாடியைவிட்டுப் பறந்து மலைக்கோட்டையை இருமுறை வலம்வந்தது என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மட்டும், தூக்கு பஸ்ஸில் தொலைந்துபோனது என்று சொன்னேன். நீ சொன்னதைக் கேட்டுப் பழகியிருக்கவேண்டிய முதல் சந்தர்ப்பம் அது. நான் அதைக் கதையாக்கிச் செலவழித்துவிட்டேன்.

உன் முதல் ஈடு நான்கே கட்டி. நான் மார்க்கெட்டில் இருந்த நாளாகப் பார்த்துச் செய்தாய், அதனால் நன்றாக வந்தது. ஐந்து வாரம் காயவைத்து, நுனி நாக்கால் ஒரு கட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். காரம் மிச்சம் இருந்தால் நாக்கில் சுரீரென்று மின்சாரம் போல அடிக்குமாம், அடிக்காவிட்டால் சோப்பு பக்குவம். நல்ல பழக்கம். அதை நான் மாடிப்படியில் நின்று பார்த்துத் தொலைத்தேன். விடுவேனா? பூக்கடையில், டீக்கடையில், பிரியாணிக் கடை வரிசையில், "எங்க வீட்டுல சோறு இறங்கல, பொண்ணு சோப்பைத்தான் நக்குது" என்று ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தெருவில் நீ நடந்து போகும்போது ஆட்டோக்காரர் ஒருவர், "தாயி, இன்னிக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம், செவப்புச் சோப்பா வெள்ளச் சோப்பா?" என்று கேட்டதாக நீ அழுகையோடு வந்து சொன்னாய். அதற்கும் சிரித்தேன். சித்தியின் கை ஆறியது. அந்த நான்கு கட்டியைப் பற்றி நான் ஊரில் ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

இரண்டாவது ஈடு சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இது வெளியே கொடுக்கப்போகிற சரக்கு, இதிலிருந்துதான் உன் தொழில் ஆரம்பம். நான் வீட்டில் இருந்தேன். நானூற்றைம்பது கிராம் தேங்காய் எண்ணெய், ஐம்பது கிராம் விளக்கெண்ணெய், அதற்கு எண்பத்து நான்கு கிராம் காஸ்டிக் சோடா என்று நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தாய். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெளேரென்ற மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டித் தராசில் விட்டாய். எண்பத்து ஐந்து காட்டியது. நான்கைந்து மணிகளைக் கரண்டி நுனியால் எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டாய். எண்பத்து நான்கு. அந்தக் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"கண்ணாடியைக் கீழ வச்சுட்டு வந்துட்டேன் சித்தப்பா. எடுத்துட்டு வாரேன். இதைத் தொடாமப் பாத்துக்கங்க."

"நான் எதுக்குத் தாயி தொடப் போறேன்? அது என்ன மல்லிகைப்பூவா?"

நீ படியிறங்கினாய். இப்போது எழுதிவிடுகிறேன். நான் கிண்ணத்தைத் திறந்தேன். டப்பாவோடு நீ வைத்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டியை எடுத்தேன். குவியலாக ஒரு கரண்டி அள்ளி உள்ளே போட்டேன். மூடினேன். ஒரு மணி உருண்டு ஆள்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டு சுட்டது, வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

எதற்குப் போட்டேன் என்று எட்டு மாதமாக என்னையே கேட்டுவருகிறேன். பழக்கம் என்று முதலில் பதில் சொல்லிப் பார்த்தேன். எடை நின்றபிறகு மேலே ஒன்று போடாமல் எந்தப் பொருளும் இந்தக் கையைவிட்டு வெளியே போனதில்லை, பிள்ளை முதன்முதலாகத் தொழில் தொடங்குகிறது, குறைவாக இருக்கக் கூடாது, தாராளமாக இருக்கட்டும் என்று கை தானாகப் போட்டுவிட்டது. இதில் பாதி சரி. மீதிப் பாதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான்கைந்து மணிகளை நீ திருப்பி எடுத்துப் போட்டாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடம் ஊருக்கே அள்ளிப் போட்டவன் வீட்டில் இப்படி ஒரு கருமித்தனமா என்று தோன்றியது. அந்த எண்பத்து நான்கு என்னைப் பார்த்து, உன் கைக்கு இங்கே வேலை இல்லை என்று சொன்னதுபோல் இருந்தது. வேலை இருக்கிறது என்று காட்டினேன்.

நீ கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினாய். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போடவேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை விட்டால் முகத்தில் வெடிக்கும் என்று எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே செய்தாய். பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாய்.

"என்ன சித்தப்பா, போன தடவையை விடச் சூடு அதிகமா இருக்கு?"

"சித்திரை மாசம் தாயி. மாடித் தரையில அப்பளம் பொரியுது. தண்ணி மட்டும் சும்மா இருக்குமா?"

அந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரைக்கிலோ எண்ணெய்கூட வீணாகியிருக்காது, அந்தத் தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு வேறு கரைத்திருப்பாய். நான் அப்பளக் கதை சொன்னேன். நீ எண்ணெயில் ஊற்றிக் கலக்கினாய். மோர்க்குழம்பு பதத்துக்கு வந்ததும் ஸ்வீட் டப்பாக்களில் ஊற்றித் துண்டு போர்த்தி வைத்தாய். மறுநாள் நூல் பிடித்தாற்போல ஒன்பது கட்டி வெட்டினாய்.

ஐந்து வாரமும் ஒழுங்காகக் காத்திருந்தாய். அட்டைப்பெட்டியில் அடுக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பிவைத்தாய். செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று, நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவில்லை என்று தனியாக உன்னைக் கேட்கவேண்டியதில்லை. ஆட்டோக்காரரும் டீக்கடையும் அந்த மாடிப்படியில் வந்து நின்றிருப்பார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான். ஒரு கட்டியை நீயே போட்டுக் குளித்துப் பார்க்கிறேன் என்றாய். அதையும் நான்தான் தடுத்தேன். "யாவாரத்துச் சரக்குல மொதக் கட்டி வீட்டுல நிக்கக் கூடாது தாயி. கைராசிக்காரங்க கைக்குப் போகணும்" என்று மார்க்கெட் சட்டம் பேசினேன். கைராசிக்காரி யார் என்றால், பள்ளிக்கூடத்திலிருந்தே உன் சிநேகிதி, கல்யாணமாகி நம் எதிர்வீட்டுக்கே மருமகளாக வந்த நசீமா. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

முதல் கட்டியை வாழையிலை நறுக்கில் சுற்றி, நூல் கட்டி, நாம் இருவருமாகக் கொண்டுபோனோம். "நீ போட்டுக்கடி, பாப்பாவுக்கு வேணாம், அதுக்கு இன்னும் மிருதுவா தனியாச் செஞ்சு தாரேன்" என்று நீ தெளிவாகச் சொன்னாய். எனக்கு எதிலும் ஒரு கை மேலே போடவேண்டுமே. "பாப்பாவுக்கு இல்லாம யாருக்கு? இது சோப்பா, தாய்ப்பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கினது. இதைப் போட்டா பிள்ளை ரோசாப்பூவா மாறிரும், அப்புறம் நான்தான் வந்து எடைபோட்டுத் தூக்கிட்டுப் போகணும்" என்றேன். நசீமா சிரித்தாள். நீ என் முழங்கையைக் கிள்ளினாய். என் வாழ்நாளில் நான் சொன்ன எதையும் யாரும் நம்பியதில்லை. அவள் நம்பினாள்.

மூன்றாம் நாள் காலை அந்த வீட்டிலிருந்து வந்த அழுகையை எழுத எனக்குக் கை வரவில்லை. குழந்தையின் முதுகும் தொடையும் சிவந்து, சில இடம் கொப்புளித்திருந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். நசீமாவின் மாமியார் தெருவில் நின்று உன்னைக் கேட்டார். "படிச்ச புள்ளைன்னு நம்பிப் போட்டோமே, இப்பிடிப் பண்ணிட்டியேம்மா." அவ்வளவுதான் கேட்டார், அதற்குமேல் அவருக்கு அழுகை வந்துவிட்டது. நசீமாவின் மாமனார், தோல் பதனிடும் ஷாப்பில் வயதெல்லாம் கழித்த பாய், மிச்சச் சோப்பைக் கையில் வாங்கி, நுனி நாக்கில் வைத்து, உடனே துப்பினார்.

"காரம் நிக்குது. எங்க தோல் குழியில ஒரு கை சுண்ணாம்பு கூடிப்போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். யாரும்மா அளந்தது?"

"நான்தான் மாமா."

"வேற யாரும் கை வச்சாங்களா?"

நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொடாமப் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணுக்குச் சந்தேகமே வரவில்லை. "இல்ல மாமா. நான் மட்டும்தான்" என்றாய். நான் உனக்குப் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். மலைக்கோட்டையையே பேசிக் கரைக்கும் என்று பேர்பெற்ற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு கணக்கை ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தாய். தராசில் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை வைத்து வைத்துச் சோதித்தாய். எல்லாம் சரியாக இருக்க இருக்க உனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. கடைசியில், "எனக்குக் கண்ணுல நம்பர் மாறித் தெரிஞ்சிருக்கு சித்தப்பா, என்னை நானே நம்ப முடியல" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து அழுதாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் வீசிவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

குழந்தை தேறிவிட்டது. இப்போது நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு திட்டு மட்டும் நிறம் மாறி இருக்கிறது. நீதான் தேறவில்லை. கடையில் மீதிச் சில்லறை வாங்கினால் மூன்று முறை எண்ணுகிறாய். சோற்றுக்கு அரிசி அளக்கக்கூடச் சித்தியைக் கூப்பிடுகிறாய். சமையல் எரிவாயுவை அணைத்தாயா என்று பாதி வழியில் திரும்பி வருகிறாய். ஒரு கரண்டியை நான் மறைக்கப்போய், உன் கண், உன் கை, உன் படிப்பு எல்லாவற்றின்மேலும் உனக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது. இந்த லட்சணத்தில் உன்னைத் திருப்பூருக்கு அனுப்பினால் அங்கேயும் ஒவ்வொரு தாளையும் பயந்து பயந்துதான் பார்ப்பாய்.

நேற்று மாலை எதிர்வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்வதைவிட அங்கே சொல்வது சுலபம் என்று நினைத்த கோழைத்தனம்தான். நசீமாவும் பாயும் இருந்தார்கள். சொன்னேன்.

"ஒரு கரண்டியா?" என்றார் பாய்.

"குவிச்சு" என்றேன்.

நசீமா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எட்டு மாசமா நான் அவகூடப் பேசல. எதுத்தாப்புல அவ துணி காயப்போட வந்தா நான் சன்னலைச் சாத்துவேன். அதையும் நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்தேம்மா."

"அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப மொதல்ல அங்க சொல்லிட்டு வாங்க. மன்னிப்பு மண்ணாங்கட்டியெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

பாய் வாசல் வரைக்கும் வந்தார். செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னார். "கதையாச் சொல்லிராதீங்க பூக்காரரே. அந்தப் புள்ளை நம்பணும்." உன் சித்தியிடம் இன்று காலை சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் பாத்திரங்களைவிட்டுத் தள்ளியே நின்றேன். அவள் ஆறிப்போன தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "நம்ம பொண்ணு அழுதப்ப பக்கத்துல உக்காந்து விசிறிவிட்டீங்களே, எப்பிடிங்க முடிஞ்சுச்சு?" என்று கேட்டாள். இன்னமும் காபி வரவில்லை.

இனி ஒரு தகப்பன் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். உன்னைத் திருப்பூருக்குப் போகவேண்டாம் என்று தடுக்கமாட்டேன். போ. ஆனால் தராசைப் பழைய சாமானில் போட நான் விடப்போவதில்லை. பரணிலிருந்து இறக்கித் துடைத்து உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். நோட்டும் அதன் அடியில் இருக்கிறது. எண்பத்து நான்குக்கு நீ போட்ட அடிக்கோட்டுக்குக் கீழே, நான் போட்ட ஒரு கரண்டியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விடுமுறைக்கு வரும்போது அதே மேசையில், அதே அளவில் ஆரம்பி. எண்ணெயையும் காஸ்டிக்கையும் படியால், டம்ளரால் அளக்காதே, நிறுத்து எடு. கண்ணாடியை முதலில் மாட்டிக்கொண்டு பிறகு டப்பாவைத் திற, நடுவில் கீழே இறங்காதே. நாக்கில் வைத்துப் பார். தெருவே கூடி நின்று சிரித்தாலும் பார். முதல் கட்டியை நீ போட்டுக் குளி. இரண்டாவது எனக்கு. என் முதுகு தோல் ஷாப்புத் தோலைவிடத் தடிமன், தாராளமாகச் சோதித்துக்கொள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு, யார் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் கொடுக்காதே. முக்கியமாக, நீ அளந்து வைத்ததை யாருடைய பொறுப்பிலும் விட்டுவிட்டுப் போகாதே, அவர்கள் உன்மேல் உயிரையே வைத்திருந்தாலும். உயிரை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் கை அதிகம் நீளும்.

அதற்காக ஒரு பூட்டு வாங்கியிருக்கிறேன். திண்டுக்கல் பூட்டுதான், பூட்டுப் பட்டறையில் சொல்லிச் செய்தது. ஏழு யானை கட்டி இழுத்தாலும் திறக்காது. இழுத்த யானைகளில் மூன்று வெட்கப்பட்டுக் காட்டுக்கே திரும்பிவிட்டன. காஸ்டிக் டப்பாவை ஒரு மரப்பெட்டியில் வைத்து அந்தப் பூட்டைப் போட்டுவிட்டேன். இரண்டு சாவி. இரண்டும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று எனக்குக் கொடுக்காதே. கேட்டாலும் கொடுக்காதே. ஐந்தாம் வகுப்பில் நீ கேட்ட கேள்விக்கும் பதில் இப்போது சொல்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும். உன்னை யாரும் மேலே போட்டுக் கொடுக்கவில்லை. அண்ணன் காலில் விழுந்து கேட்டு வாங்கிவந்தேன்.

இந்தக் கடிதத்தின் முதல் நகல் எதிர்வீட்டுக்கு. அடுத்தது டீக்கடைச் சுவரில் ஒட்ட. படிக்கிறவர்கள் வழக்கம்போலச் சிரித்துவிட்டு, பூக்காரன் புளுகிறான் என்று போகக்கூடும். அதனால், என் பழக்கத்துக்கு மாறாக, நானே கழித்துக் கொடுத்துவிடுகிறேன். செவ்வந்தி மூட்டை ரெட்டியார்சத்திரம் வரைக்கும் பறக்கவில்லை. மதுரை வண்டி என்னைக் கண்டு பின்னால் போகவில்லை. பழனி ரோட்டில் எந்த லாரியும் அச்சு முறிந்து நிற்கவில்லை, தூக்கு மலையைச் சுற்றவில்லை, யானைகள் வரவேயில்லை. அத்தனையையும் தள்ளிவிடு, மகளே. தள்ளியபிறகு இதில் சின்னதாக ஒன்று மிஞ்சும். வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டி, ஒரே ஒரு கரண்டி, குவியலாக. என் ஆள்காட்டி விரலில் மிளகளவு வடு இருக்கிறது, திங்கட்கிழமை பஸ் ஏறுவதற்கு முன் வந்து பார். அது மட்டும் உண்மை. அதைப் போட்டது நான்.

உன் சித்தப்பா